நூற்று நாற்பத்தேழாவது கடிதம்

நான் பயந்தாங்கொள்ளி. இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு யாரும் என்னை வீரன் என்று நினைத்துக்கொண்டு படிக்க வேண்டாம். பல்லியைக் கண்டால் செருப்பைத் தேடுவேன், அடிப்பதற்கு அல்ல, மாட்டிக்கொண்டு வெளியே போவதற்கு. போலீஸ்காரர் ஒருவர் ஜெராக்ஸ் எடுக்க வந்தால்கூட எனக்கு நாக்கு உலர்ந்துவிடும். என் மனைவி தையல்நாயகி இதை வைத்தே பதினாறு வருடம் என்னை ஓட்டியிருக்கிறாள்.

திண்டிவனத்தில் எனக்கு ஒரு கடை இருந்தது. பாண்டு கம்ப்யூட்டர்ஸ். பாண்டுரங்கன் என்று முழுப் பெயரையும் போட போர்டில் இடம் போதவில்லை. டைப்பிங், ஜெராக்ஸ், ஓரமாக மூன்று பிரவுசிங் கேபின். இரண்டாயிரத்து எட்டில் அந்தத் தெருவில் என் கடையில்தான் தமிழில் அடித்துத் தர ஆள் இருந்தது. அந்த ஆள் நான்தான்.

அதனால்தான் ஆனந்தராஜ் என்னைப் பிடித்தான். வல்லம் பக்கத்துப் பையன், பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அவன் ஊரைச் சுற்றிக் கல்குவாரிகள். பாறையைப் பிளக்க வேட்டு வைப்பார்கள், வீட்டுச் சுவர்கள் விரிசல் விடும், மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலை பறிக்கிறவர்கள் தலைமேல் கல் வந்து விழும். இதையெல்லாம் எழுதிவைக்க அவன் ஒரு மின்னஞ்சல் குழு தொடங்கியிருந்தான். ஒரு முகவரிக்குக் கடிதம் போட்டால் குழுவில் இருக்கும் நூற்றுப் பத்து பேருக்கும் போய்ச் சேரும். எந்த ஊரில் எத்தனை மணிக்கு வேட்டு, யார் வீட்டில் சுவர் இறங்கியது, இப்படி. "தமிழ்ல வர்ற லெட்டரையெல்லாம் நீங்க பாத்துக்குங்கண்ணா" என்றான். கம்ப்யூட்டருக்குள் நடக்கிற காரியம்தானே, யார் அடிக்க வரப்போகிறார்கள் என்று ஒப்புக்கொண்டேன்.

ஆறு மாதத்தில் கடிதங்கள் குவிந்துவிட்டன. பழைய கடிதம் ஒன்றைத் தேட வேண்டுமானால் உயிர் போகும். எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கி, எண் போட்டு, வலைப்பக்கமாக வைக்க ஒரு மென்பொருள் வேண்டும் என்றான் ஆனந்தராஜ். மூன்றைக் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னான். எனக்குப் பெரிய மனிதர் ஆகிவிட்ட மாதிரி இருந்தது. ஒரு வாரம் உட்கார்ந்து மூன்றையும் சோதித்தேன்.

முதலாவது, குழுவை நடத்தும் மென்பொருளோடு இலவச இணைப்பாக வருவது. மாதவாரியாகச் சுத்தமாக அடுக்கியது. ஆனால் தமிழைக் கண்டால் வரி வரியாகக் கேள்விக்குறி போட்டது. இரண்டாவது பார்க்க மிக அழகு, விரிசல் விட்ட சுவர்களின் படங்களைக்கூட வரிசையாகக் காட்டியது. ஒரு பக்கம் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். மூன்றாவது அலங்காரம் இல்லாதது. ஆனால் எங்கள் கடிதங்களை அது திறந்தபோது ஒற்றெழுத்துகூடப் பிசகாமல் தமிழ் வந்து நின்றது. அனுப்பியவர்களின் மின்னஞ்சலை மறைக்க ஒரு கட்டம் இருந்தது, அதில் டிக் அடித்தேன். முழுவதையும் பாஸ்வேர்டு போட்டுப் பூட்ட இன்னொரு கட்டம் இருந்தது. அதை விட்டுவிட்டேன். பூட்டினால் தினம் பத்துப் பேர் "பாஸ்வேர்டு மறந்துபூட்டேன்" என்று எனக்குப் போன் போடுவார்கள். அந்தத் தொல்லை எதற்கு என்றுதான் விட்டேன், வேறு காரணம் இல்லை.

"மூணாவதே இருக்கட்டும் தம்பி. தமிழ் என்னமா வருது பாரு" என்று ஆனந்தராஜிடம் சொன்னேன்.

அந்த ஐப்பசியில் நாங்கள் சப்-கலெக்டருக்கு ஒரு மனு கொடுத்தோம். ஆதாரம் என்ற இடத்தில் எங்கள் கடிதங்களின் எண்களையும் வலை முகவரிகளையும் வரிசையாகக் கொடுத்திருந்தோம். அதில் முக்கியமானது நூற்று நாற்பத்தேழாவது கடிதம். எழுதியது கலைமதி என்ற பெண். நான் அவளைப் பார்த்ததில்லை. அந்தப் பக்கத்தில் கல் உடைக்கும் பெரிய க்ரஷர் கம்பெனியில், ஆபீஸ் கம்ப்யூட்டரில் பதிவு செய்யும் வேலை. ரெஜிஸ்டரில் காட்டுவதைப்போல மூன்று பங்கு வெடி வைக்கிறார்கள் என்று தேதி போட்டு எழுதியிருந்தாள். ஆடி மாதம் குழியில் இறந்த தொழிலாளி கால் வழுக்கி விழவில்லை, வெடியில் இறந்தார் என்றும் எழுதியிருந்தாள். விசாரணை அடுத்த திங்கட்கிழமை என்று தகவல் வந்தது.

எங்களுக்கு முன்னால் தனியாக மனு கொடுத்த அருள் என்கிற விவசாயியை நம்பர் பிளேட் இல்லாத டிப்பர் ஒன்று இடித்துவிட்டுப் போனது. அவருக்கு இடது கால் முழங்காலோடு போயிற்று. விபத்து என்று எழுதினார்கள். அதைப் படித்த அன்று நான் ராச்சாப்பாடு சாப்பிடவில்லை. கம்ப்யூட்டருக்குள் இருக்கிறோம், நம்மை எந்த டிப்பர் இடிக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

விசாரணைக்கு முந்தைய வியாழக்கிழமை, காலை பதினொன்றே முக்காலுக்கு ராஜசேகர் கடைக்குள் வந்தார். அந்த க்ரஷர் கம்பெனியின் மேனேஜர். கம்பெனி ரெஜிஸ்டர், பர்மிட், எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் ஜெராக்ஸ். நான்கு வருட வாடிக்கை. வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் கண்ணாடிக் கூடு.

"பாண்டு, இன்னிக்கி ஜெராக்ஸ் இல்ல. நெட்டு பாக்கணும்."

"பாருங்க சார். மூணாவது கேபின் காலியாத்தான் இருக்குது."

"எனக்கு அதெல்லாம் இன்னா தெரியும்? நீ ஒக்காந்து எடுத்துக் குடு. நம்ம கம்பெனி பேரு நெட்ல வருதாமே? எவனோ வேட்டப் பத்தி எழுதிக்கினு கீறானாம்."

 அந்தக் குழுவில் நான் இருப்பது அவருக்குத் தெரியாது என்பது மட்டும் அவர் பேச்சில் தெரிந்தது. கேபினில் உட்கார்ந்தேன். அவர் என் தோளுக்குப் பின்னால் நாற்காலி போட்டுக்கொண்டார். கம்பெனியின் பெயரை வேண்டுமென்றே தப்பாக அடித்தேன். ஒன்றும் வரவில்லை. இன்னொரு விதமாகத் தப்பாக அடித்தேன். அவர் பாக்கெட்டிலிருந்து விசிட்டிங் கார்டை எடுத்து என் கீபோர்டுமேல் வைத்தார்.

"இதுல இருக்கிற மாதிரியே அடி."

அடித்தேன். முதல் வரியிலேயே எங்கள் கடிதங்களின் வலைப்பக்கம் வந்தது. எண் நூற்று நாற்பத்தேழு. கலைமதி கம்பெனிப் பெயரை மட்டும் இங்கிலீஷில், லெட்டர் பேடில் இருக்கிறபடியே எழுதியிருந்தாள்.

"அதான். அத்த அமுக்கு" என்றபடி அவர் கண்ணாடிக் கூட்டைத் திறந்தார்.

பக்கம் திறந்தது. நான் தேர்ந்தெடுத்த மென்பொருள். ஒற்றெழுத்துகூடப் பிசகாத தமிழ். எட்டு மாதமாகப் பார்த்தும் பார்க்காத ஒன்றை அப்போதுதான் பார்த்தேன். எங்கள் ஆட்கள் மின்னஞ்சலைக்கூடப் பத்தாம் வகுப்புப் பரீட்சையில் எழுதுகிற மாதிரிதான் எழுதுவார்கள். முதலில் அனுப்புநர், அடுத்து பெறுநர், பிறகு பொருள், ஐயா வணக்கம், இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள. அனுப்புநரை விட்டால் வாத்தியார் மார்க்கைக் குறைப்பார். அந்தப் பயம் யாருக்கும் போகவே இல்லை. மின்னஞ்சலை மறைக்கக் கட்டத்தில் டிக் அடித்துவிட்டு நிம்மதியாக இருந்தேனே, கடிதத்துக்குள் முதல் வரியிலிருந்து இதெல்லாம் இருந்தது:

அனுப்புநர்: கலைமதி, த/பெ. ராஜாங்கம், 4/117, பள்ளிக்கூடத் தெரு. அதற்குக் கீழே ஊர், வல்லம் வழி, பின்கோடு.

ராஜசேகர் கண்ணாடியை எடுத்து வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். மனிதர் கண்ணாடி துடைப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? அந்த நேரம்தான் எனக்குக் கிடைத்தது. பிரவுசரில் எழுத்துமுறையை மாற்றும் இடத்துக்குப் போய் ஐரோப்பிய எழுத்து என்பதைச் சொடுக்கினேன். தமிழ் முழுவதும் ஒரே நொடியில் கொம்பு முளைத்த இங்கிலீஷ் எழுத்துகளாகவும் கோடுகளாகவும் உடைந்துபோனது.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "இன்னாய்யா இது, பூச்சி பூச்சியா கீது?"

"எழுத்து ஒடஞ்சிருக்குது சார். ஃபான்ட் இல்ல."

"இருக்கிற மாதிரியே பிரிண்ட் போடு. வேற எவன்கிட்டயாவது குடுத்துப் படிச்சிக்கறேன்."

சரி என்று கையை நகர்த்தியபோதுதான் கவனித்தேன். எழுத்துதான் உடைந்திருந்தது, எண்கள் உடையவில்லை. பூச்சிக் கூட்டத்துக்கு நடுவில் 4/117 என்பது பளிச்சென்று நின்றது. மவுஸின் சக்கரத்தை ஒரு சுழற்று சுழற்றி அந்த வரி மேலே மறையும்படி நகர்த்தினேன். அதற்குக் கீழே இருந்த பின்கோடு மட்டும் திரையில் தங்கிவிட்டது. அவர் விரலை அங்கேயே வைத்தார்.

"அறுநூத்தி நாலுல ஆரம்பிக்குதே. இது பின்கோடு. நம்ம பக்கத்து ஆளுதான். அட்ரஸ் போட்டே எழுதிக்கீறான் பாரேன், இன்னா தைரியம்!"

"தெரியல சார்" என்றேன். 

மணி பதினொன்று ஐம்பத்தாறு. அந்த வருடம் அறிவித்த மின்வெட்டு இருந்தது. தினம் இரண்டு மணி நேரம், ஊருக்கு ஒரு நேரம். எங்கள் ஊருக்குப் பன்னிரண்டிலிருந்து இரண்டு. மின்வாரியத்தைத் திட்டாத நாள் கிடையாது. அன்று மட்டும் அதைக் கும்பிட்டேன். பிரிண்டரில் பேப்பரை வைக்கும்போதே இரண்டு மூன்று தாளைச் சேர்த்துக் கசக்கித் திணித்தேன். அது கறக் கறக் என்று கத்திவிட்டு நின்றது.

"சிக்கிக்கிச்சி சார். ஒரு நிமிஷம்."

"ஜல்தி ஆவட்டும்யா. பேஜாரு பண்ணாத."

மூடியைத் திறந்தேன், மூடினேன், திறந்தேன். கசங்கிய தாளை ஓரம் ஓரமாகக் கிழித்து எடுத்தேன். இனி என்ன செய்வது என்று தெரியாமல் மையைக் குலுக்கிக்கொண்டிருந்தபோது ஃபேன் நின்றது. ஆனால் திரை நிற்கவில்லை. யூபிஎஸ் பீப் பீப் என்று கத்திக்கொண்டு கம்ப்யூட்டரைத் தூக்கிப் பிடித்திருந்தது. மேஜைக்குக் கீழே காலை விட்டுத் துழாவி அதன் சுவிட்சைக் கட்டைவிரலால் அமுக்கினேன். திரை கறுத்தது.

"பேட்டரி செத்துப்போச்சு சார். ரெண்டு மணிக்குத்தான் வரும்."

ராஜசேகர் எழுந்தார். "எனக்கு சப்-கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் வேலை கீது. நாலு மணிக்கு வர்றேன். ஃபான்டோ கீன்டோ ஏத்தி, தமிழ்ல ஒழுங்கா ஒரு காப்பி எடுத்து வையி." வாசல் வரைக்கும் போனவர் திரும்பினார். "ஆபீஸ் உள்ள கீற ஆளுதான் எழுதிக்கீறான் பாண்டு. உள்ள நடக்கிறது வெளிய எப்படித் தெரியும்? எனக்கு ஒரு சந்தேகம் கீது. அத்தப் பாத்துக்கறேன்."

அவர் போனதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஆனந்தராஜுக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

"அந்த லெட்டரயே தூக்கிடுங்கண்ணா" என்றான் உடனே. பிறகு அவனே, "இல்ல இல்ல, இருங்க. ஒண்ணத் தூக்கினா கீழ இருக்கிற எல்லா நம்பரும் ஒண்ணு ஒண்ணு ஏறிப்பூடும். மனுல குடுத்த லிங்க் எல்லாம் வேற லெட்டருக்குப் போய்டும். திங்கக்கெழமை சப்-கலெக்டர் தொறந்து பாத்தா நம்ம கேஸு கந்தல்" என்றான்.

"கந்தலாவட்டும்யா! அந்தப் பொண்ணு உசுரு பெரிசா, நம்பரு பெரிசா?" என்று கத்திவிட்டேன். எனக்குக் கோபம் அவன்மேல் இல்லை. பூட்டாமல் விட்ட கட்டத்தின்மேல்தான், அதை விட்ட என்மேல்தான்.

"லெட்டர் இருக்கட்டும்ணா. பேரையும் அட்ரஸையும் மட்டும் எடுத்துட்டு, மொத்தத்தையும் மறுபடி அடுக்கச் சொல்லிக் குடுங்க. நம்பர் மாறாது. நான் இங்க மீட்டிங்ல மாட்டிக்கினு கீறேன், சாயந்தரம்தான் வெளிய வருவேன். நீங்களே பண்ணுங்க. ஒண்ணு ஞாபகம் வெச்சிக்குங்க, நெட்டுல தேடிக் குடுக்கிற கம்பெனிக்காரன் பழைய பக்கத்த ஒரு நகல் எடுத்து வெச்சிருப்பான். அது போறதுக்கு ரெண்டு மூணு நாள் ஆவும். அதுவரைக்கும் அந்தாள மறுபடி தேட விடாதீங்க."

கலைமதியின் போன் நம்பர் எங்கள் யாரிடமும் இல்லை. கடிதத்தில் முழு முகவரி கொடுத்தவள் நம்பரைக் கொடுக்கவில்லை. கம்பெனிக்குப் போன் செய்தால் எடுப்பது ராஜசேகரின் ஆட்களாக இருக்கும். திண்டிவனம் முழுக்கக் கரண்ட் இல்லை. விழுப்புரத்தில் ரயில் நிலையத்துப் பக்கம் வெட்டு நேரம் பத்திலிருந்து பன்னிரண்டு. அங்கே இருதயமேரி என்பவர் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். வெட்டு நேரத்தில் அவசர வேலை வந்தால் நாங்கள் ஒருவருக்கொருவர் ஆள் அனுப்பிக்கொள்வது வழக்கம். அன்று நானே ஆளாகப் போனேன்.

பன்னிரண்டு இருபதுக்கு பஸ் கிடைத்தது. ஜன்னலோர இருக்கை. ஒவ்வொரு டிப்பர் எதிரே வரும்போதும் நம்பர் பிளேட்டைப் பார்த்தேன். இருந்தால் ஒரு பயம், இல்லாவிட்டால் இன்னொரு பயம்.

கூட்டேரிப்பட்டு தாண்டும்போது தையல்நாயகி போன் செய்தாள்.

"சாப்புட வர்லியா? சாம்பார் ஆறுது."

"விழுப்புரம் போய்க்கினு இருக்கேன். பிரிண்டருக்கு ஒரு பார்ட்ஸு."

"காலைல சொல்லவே இல்ல?"

"இப்பத்தான் ஒடஞ்சுது."

"உன் கொரலு ஏன் ஒரு மாதிரி இருக்குது? எவன்னா போலீஸ்காரன் வந்தானா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். போனை வைத்துவிட்டு அடுத்த டிப்பரின் நம்பர் பிளேட்டைத் தேடினேன்.

பேரை எடுத்துவிடலாம், சரி. எடுத்த இடத்தில் என்ன இருக்கும்? வெறும் இடம். நான்கு மணிக்கு அந்த வெறும் இடத்தை ராஜசேகர் படிப்பார். பின்கோட்டை அவரே தன் கண்ணால் பார்த்திருக்கிறார், விரல் வைத்துக் காட்டியிருக்கிறார். காலையில் இருந்தது மாலையில் எங்கே என்று கேட்பார். இடையில் அந்தப் பக்கத்தைத் தொட்டவன் நான் ஒருவன்தான். ஆட்களைக் கூட்டிவந்து கேட்பார்கள். முதல் அறைக்குத் தாங்குவேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது அறையில் கலைமதி, த/பெ. ராஜாங்கம் என்று ஒப்பித்துவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். நாற்பத்து மூன்று வருடப் பழக்கம்.

பொய்ப் பெயர் ஒன்றைப் போடலாம். அந்த முகவரிக்குப் போய்ப் பார்ப்பார்கள், அப்படி ஒருவர் இல்லை என்று தெரியும், திரும்பி என்னிடம்தான் வருவார்கள். மறுபடியும் இரண்டாவது அறை. உண்மையில் இருக்கிற வேறு யாருடைய பெயரையாவது போட்டால் அந்த ஆளின் காலைக் கொண்டுபோய் டிப்பருக்குக் கீழே வைத்த பாவம். விக்கிரவாண்டி வரும்வரை இந்த மூன்றையும் மாற்றி மாற்றி யோசித்தேன். எப்படிப் போனாலும் கடைசியில் யாரோ என் சட்டையைப் பிடித்து "யாரு எழுதினது சொல்லு" என்றார்கள், நான் சொன்னேன்.

யாரும் என்னைக் கேட்காமல் இருக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது. அதை நினைத்ததும் எனக்கு பஸ்ஸிலேயே குமட்டிக்கொண்டு வந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்து இருக்கையில் இருந்த அம்மாள் முந்தானையை இழுத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

இருதயமேரி என்னைப் பார்த்ததும், "இன்னாண்ணா, மூஞ்சி வெளுத்துப்போயி கீது? தண்ணி குடிங்க மொதல்ல" என்றார். குடித்தேன். பாதி சட்டையில் கொட்டியது. மூலைக் கேபினைக் கொடுத்தார். மணி ஒன்று இருபது.

எங்கள் சர்வரில் நுழைந்தேன். எல்லாக் கடிதங்களும் ஒரே கோப்பில் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். அதிலிருந்துதான் மென்பொருள் பக்கம் பக்கமாக அடுக்கிக் கொடுக்கும். நூற்று நாற்பத்தேழைத் தேடிப் பிடித்தேன். மேலே அனுப்பியவர் பெயர் என்று இருந்த வரியில் கலைமதியை எடுத்தேன். கடிதத்துக்குள் அனுப்புநரில் இருந்த பெயரையும் முகவரியையும், கடைசியில் 'இப்படிக்கு'வுக்குக் கீழே இருந்த பெயரையும் எடுத்தேன். 'அலுவலகத்தில் கணினிப் பதிவு செய்பவள்' என்ற வரியையும் எடுத்தேன். அந்த இடத்தில் எழுதினேன்: 'இந்நிறுவனத்தின் பதிவேடுகளை எனது கடையில் நகல் எடுக்கும்போது நேரில் பார்த்தேன்.'

இது யாரும் நம்பக்கூடியது. நான்கு வருடம் அவர்கள் ரெஜிஸ்டர் என் ஜெராக்ஸ் மெஷினில்தான் படுத்து எழுந்தது. ஒரு நாள்கூட நான் அதைப் படித்ததில்லை. படித்திருந்தால் பயந்திருப்பேன்.

பிறகு பெயரை எடுத்த இடங்களிலெல்லாம் என் பெயரை அடித்தேன். அடிப்பதையே பிழைப்பாக வைத்திருக்கிற எனக்கு என் பெயரில் மூன்று இடத்தில் பிழை வந்தது. அப்பா பெயரைப் போட்டேன். வீட்டு முகவரி என்று கை போனது. நிறுத்தினேன். வீட்டில் தையல்நாயகி இருக்கிறாள். கடை எண்ணையும் தெருவையும் போட்டேன். திண்டிவனம், அறுநூற்று நான்கில் ஆரம்பிக்கிற பின்கோடு. காலையில் அவர் பார்த்ததும் அதுதானே.

மறுபடி அடுக்கச் சொல்லும் கட்டளையைக் கொடுத்தேன். முந்நூற்றுச் சொச்சம் கடிதங்களையும் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போனது. நூற்று நாற்பத்தைந்து, ஆறு, ஏழு. கடைசிவரை போய் நின்றது. பக்கத்தைத் திறந்து பார்த்தேன். கலைமதி என்ற பெண் அங்கே எழுதியதற்கு அடையாளமே இல்லை. பிறகு, எட்டு மாதத்துக்கு முன்னால் விட்ட அந்தக் கட்டத்தைத் தேடிப் போனேன். டிக் அடிக்கலாம் என்று மவுஸைக் கொண்டுபோய், நிறுத்திக்கொண்டேன். இப்போது பூட்டினால் நான்கு மணிக்கு அவருக்குப் பக்கம் திறக்காது. வேறு எங்காவது தேடி அந்தப் பழைய நகலைப் பிடிப்பார். பூட்டாமலே வெளியே வந்தேன்.

"பார்ட்ஸு கெடச்சுதா?" என்று தையல்நாயகி திரும்ப போன் செய்தபோது கிடைத்தது என்றேன். சாயங்காலம் அவள் அக்கா வீட்டுக்கு மரக்காணம் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வரும்படி சொன்னேன்.

"திடீர்னு இன்னா?"

"அவங்க ஊட்ல மீன் நல்லா வருதாம். சும்மா போய்ட்டு வாயேன்." எனக்கு வேறு பொய் வரவில்லை. அவள் சிரிக்கவில்லை. "சரி, போறேன்" என்று மட்டும் சொன்னாள். அவள் என்ன புரிந்துகொண்டாள் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

கடைக்குத் திரும்பும்போது மூன்று மணி. கரண்ட் வந்திருந்தது. ஷட்டரை முழுவதும் ஏற்றினேன். கசங்காத தாளாகப் பார்த்து பிரிண்டரில் வைத்தேன், ஒரு பிரதி எடுத்தேன். ஓடிவிடலாம் என்று நான்கு தடவை தோன்றியது. நான்கு தடவையும் வாசல் வரைக்கும் போனேன். நான் ஓடினால் அவர்கள் தேடுவார்கள், தேடினால் பிடிப்பார்கள், பிடித்தால் இரண்டாவது அறை. திரும்பி வந்து உட்கார்ந்தேன். பயம்தான் என்னை அங்கே உட்காரவைத்தது, அதை வேறு என்னவாகவும் சொல்லிக்கொள்ள நான் தயாராக இல்லை.

நான்கு அடித்து ஐந்து நிமிடத்தில் ராஜசேகர் வந்தார். நல்ல மனநிலையில் இருந்தார், வாயில் வெற்றிலை.

"வந்துச்சா எழுத்து?"

"வந்துச்சு சார்." தாளை நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டார்.

கண்ணாடிக் கூட்டைத் திறந்தார். துடைத்தார். மாட்டிக்கொண்டார். பொறுமையாக, ஒவ்வொரு சொல்லாக, உதடு அசையப் படித்தார். அனுப்புநரில் உதடு நின்றது. தலையை நிமிர்த்தி வெளியே என் போர்டைப் பார்த்தார். திரும்பத் தாளைப் பார்த்தார்.

"இது உன் பேரு."

"ஆமா சார்."

"உன் கடை அட்ரஸு."

"ஆமா சார்."

"நீயாய்யா எழுதின?"

நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல்.  தலையை ஆட்டினேன். அது போதாது என்று தோன்றியது. "நான்தான்" என்றேன். "ஜெராக்ஸ் எடுக்கறப்ப பாத்தேன்."

அவர் அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலையை மென்றுகொண்டே என்னைப் பார்த்தார். நான்கு வருடமாக ஒழுங்காக ஓடிய மெஷின் திடீரென்று ஏன் புகைகிறது என்று பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"காலைல பக்கத்துலயே ஒக்காந்துக்கினு ஃபான்ட் இல்லேன்னு சொன்னியேய்யா" என்றார். "நான் ஒரு முட்டாள். ஆபீஸ்ல கம்ப்யூட்டராண்ட ஒரு பொண்ணு கீது. அதுதான்னு நெனச்சிக்கினு ரெண்டு பேரை அதும் ஊட்டாண்ட நிக்க வெச்சிருக்கேன். அஞ்சு மணிக்கு வண்டி விட்டு எறங்கும், அப்ப பாத்துக்குங்கன்னு சொல்லிக்கீறேன்."

சுவரில் என் கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு பதினைந்து.

அவர் செல்போனை எடுத்தார். எண்ணைத் தேட நேரம் எடுத்துக்கொண்டார். காதில் வைத்தார்.

"டேய், எங்க கீறீங்க? ... வாணாம், விட்டுடுங்க. அந்தப் பொண்ணு இல்ல. ... ஆமாடா, அது இல்ல, வேற ஆளு. கெளம்பி வந்துடுங்க." வெற்றிலைச் சாற்றை வாசலில் துப்பிவிட்டு வந்தார். "ஊருக்கு இல்ல. இங்க வாங்க. திண்டிவனம், நம்ம ஜெராக்ஸ் கடை."

போனை மூடிப் பாக்கெட்டில் போட்டார். தாளை நான்காக மடித்து அதையும் போட்டுக்கொண்டார். பிறகு ஏதோ நினைவு வந்தவர் மாதிரி என் பக்கம் திரும்பினார்.

"அவனுங்க வர்றதுக்குள்ள இன்னொரு காப்பி போடு. மொதலாளி கேப்பாரு."

பிரிண்டருக்குப் போனேன். தாளை வைத்தேன். இந்த முறை சிக்கவில்லை. என் பெயர், அப்பா பெயர், கடை எண், தெரு, ஊர், பின்கோடு என்று வரி வரியாக வெளியே வந்தது. ஒரு எழுத்துகூட உடையவில்லை.